ஸ்கேன் செய்த பிறகு பேப்பரை எங்கே வைப்பது?

பேப்பரே இல்லாத ஆபீஸ் என்று ஆசைப்பட்டு, வரும் பில்களையும் ஆவணங்களையும் ஸ்கேன் செய்து வைக்கத் தொடங்கிய வேலை இது. இப்போதும் பேப்பர் அப்படியே இருக்கிறது, அதைத் தேடி அலையும் வேலைதான் போயிருக்கிறது. போன மாதம் எங்கள் பார்ட்டி (வாடிக்கையாளர்) ஒருவருக்கு, ரிட்டர்னில் இருக்கும் முரண்பாட்டுக்கு ஜிஎஸ்டி துறை விளக்கம் கேட்கும் ஏ.எஸ்.எம்.டி-10 நோட்டீஸ் வந்தது. கேட்டிருந்த கொள்முதல் பில், லாரி ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டு, ஒரிஜினல் தேவைப்பட்டதை மட்டும் எழுந்து போய் எடுத்துவந்தோம். சரி, இனி எழுதலாம் என்று தோன்றியது.

ஈரோட்டில் ஜிஎஸ்டி, வருமான வரி கணக்குப் பார்க்கும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. மஞ்சள் மண்டி, விசைத்தறி, லாரி டிரான்ஸ்போர்ட், மளிகைக் கடை என்று பார்ட்டிகள். மாதம் பிறந்ததும் பில்கள் மஞ்சப்பையில் வந்து இறங்கும். 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 14-ஆம் தேதி 2பி (நமக்கு விற்றவர்கள் பதிந்த பில்களின் பட்டியல்), 20-க்குள் 3பி (வரி கட்டும் மாத ரிட்டர்ன்). இந்தப் பத்து நாளும் யாராவது ஒருவர் அலமாரி முன்னால் நின்று பழைய பில் தேடிக்கொண்டிருப்பார். தூக்கிப் போடவும் முடியாது. 2017-ஆம் வருட ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கும் ஆவணமும் இருக்க வேண்டும். 2022-23-க்கான கெடு 2023 டிசம்பர் 31. அப்படியானால் 2022 ஏப்ரலில் போட்ட பில்லை 2029 டிசம்பர் வரை வைத்திருக்க வேண்டும்.

முன்பும் ஸ்கேன் செய்துகொண்டுதான் இருந்தோம். பார்ட்டி பெயரில் ஃபோல்டர், உள்ளே வருடம், அதற்குள் 'ஸ்கேன்0047' என்ற மாதிரி பெயர்கள். அலமாரியிலும் பார்ட்டி பெயரில் ஃபைல். இரண்டும் தனித்தனி உலகம். கம்ப்யூட்டரில் பில் கிடைத்தாலும் அதன் ஒரிஜினல் எந்த ஃபைலில் இருக்கிறது என்று அது சொல்லாது. ஒரே பில் கொள்முதல் ஃபைலிலும் இருக்க வேண்டும், நோட்டீஸ் ஃபைலிலும் இருக்க வேண்டும் என்றால் ஜெராக்ஸ் போடுவோம். அப்புறம் எது ஒரிஜினல் என்ற குழப்பம் வேறு.

மாற்றியது ஒன்றே ஒன்றுதான். உள்ளே வரும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் தொடர் எண் போட்டு, பேப்பரை அந்த எண் வரிசையிலேயே அடுக்குவது. 1041-க்கு அடுத்து 1042. அது யாருடையது, என்ன பில், எந்த வருடம் என்று அலமாரி கவலைப்பட வேண்டாம். பார்ட்டி வாரியாகவும் தேதி வாரியாகவும் பிரித்துக் காட்டுவது கம்ப்யூட்டரின் வேலை. நான் பார்த்த வரையில் பாதி ஆபீஸ்கள் இரண்டு பக்கமும் ஒரே அடுக்கும் வேலையைச் செய்து அலுத்துப் போகின்றன.

இதற்கு பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ் என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரை எடுத்துக்கொண்டோம். ஆவணத்துக்குத் தொடர் எண் கொடுப்பது அதிலேயே இருக்கிறது. பேப்பரில் ஒட்டிய கியூஆரை ஸ்கேனில் படித்து அந்த எண்ணைத் தானே பதிந்துகொள்ளும். மூலையில் கிடந்த பழைய ஐ3 டெஸ்க்டாப்பில் 8 ஜிபி ராம் இருந்தது. 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று 3,200 ரூபாய்க்கு வாங்கிப் போட்டு, லினக்ஸ் ஏற்றி, சாஃப்ட்வேரைத் தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் டாக்கரில் ஓடவிட்டோம். தாளைத் தானே இழுத்து இருபக்கமும் ஒரே ஓட்டத்தில் எடுக்கும் ஷீட்ஃபெட் ஸ்கேனர் செகண்ட் ஹேண்டில் 14,500. கண்ணாடி மேல் தாளை வைத்து எடுக்கும் பழைய ஃபிளாட்பெட் ஸ்கேனரைத் தூக்கிப் போடவில்லை, அது இல்லாமல் முடியாது என்பது பின்னால் தெரிந்தது.

நேரம் தின்றது ஸ்டிக்கர்தான். ஏ4 தாளில் 65 லேபிள் வரும் ஷீட், ஒவ்வொன்றும் 38க்கு 21 மி.மீ. முதலில் கியூஆருக்குள்ளேயே பார்ட்டி பெயர், தேதி, பில் எண் எல்லாம் போட்டோம். பார்க்க அறிவாளித்தனமாக இருந்தது, ஸ்கேனர்தான் படிக்கவில்லை. காரணம் எளிது. கம்ப்யூட்டர் எழுத்துகளைப் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் போகும். பெயரும் தேதியும் சேர்ந்தால் நூறைத் தாண்டிவிடும், கியூஆர் 45க்கு 45 கட்டமாக ஊதிப்போகும். அதை 15 மி.மீ. சதுரத்தில் அடக்கினால் ஒரு கட்டம் 0.33 மி.மீ., 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேனில் நான்கு புள்ளிகூட முழுசாக வராது. தாள் கொஞ்சம் சாய்ந்தாலோ டோனர் பரவினாலோ போச்சு. பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அந்த சாஃப்ட்வேர் எதிர்பார்க்கும் மூன்று எழுத்தும் ஐந்து இலக்கமும் மட்டும் வைத்தோம். எட்டே எழுத்து. இருப்பதிலேயே சின்ன கியூஆரில், 21க்கு 21 கட்டத்தில், பிழை திருத்தும் அளவை உச்சத்தில் வைத்தும் அடங்கிவிடுகிறது. அதே 15 மி.மீ.யில் ஒரு கட்டம் 0.7 மி.மீ., எட்டுப் புள்ளி. மேலும் கீழும் மீதியிருக்கும் 3 மி.மீ. வெள்ளை, கியூஆரைச் சுற்றி இருக்க வேண்டிய காலியிடத்துக்குச் சரியாகப் போதும். அதற்குப் பிறகு படிக்காமல் விட்டது மிக அபூர்வம்.

பிரிண்ட் கொடுக்கும்போது 'தாளுக்கு ஏற்றபடி பொருத்து' என்று இருப்பதை மாற்றி 100 சதவீதத்தில் வைக்க வேண்டும். பிரிண்டர் சத்தமில்லாமல் 97 சதவீதத்துக்குச் சுருக்கிவிடும். 13 வரிசை லேபிளில் மேல் வரிசையிலும் கீழ் வரிசையிலும் ஏறக்குறைய 4 மி.மீ. விலகும், கியூஆர் பக்கத்து லேபிளில் ஏறிவிடும். நடு வரிசைகள் மட்டும் அழகாக வந்திருப்பதால் சட்டென்று கண்ணுக்கும் தெரியாது. இங்க்ஜெட் வேண்டாம், ஈரக் கை பட்டால் கரைகிறது. லேசர்தான்.

ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை அச்சடிக்கிறோம். ஒன்று ஆவணத்துக்கு, இன்னொன்று இன்வார்ட் ரிஜிஸ்டருக்கு. இது அப்பா காலத்திலிருந்து இருக்கும் எங்கள் சீனியர் அக்காவின் ஏற்பாடு. கம்ப்யூட்டர் வந்த பிறகு ரிஜிஸ்டர் எதற்கு என்று நான் கேட்டதற்கு, "கரண்ட் போச்சுன்னா உங்க கம்ப்யூட்டர் பதில் சொல்லுங்களா தம்பி?" என்றார். தேதி, யார் கொண்டுவந்தது, என்ன, எத்தனை தாள், பக்கத்தில் ஸ்டிக்கர். கையால் எண் எழுதினால் 1078-ஐ 1087 என்று எழுதிவிடுவோம், ஸ்டிக்கரில் அந்த வம்பு இல்லை. 65 ஒற்றைப்படை என்பதால் ஷீட்டுக்கு ஒரு லேபிள் மிஞ்சும். அதில்தான் பாக்ஸ் ஃபைலின் முதுகுக்கு எண் எழுதுகிறோம்.

ஸ்டிக்கரை எங்கே ஒட்டுவது என்பதிலும் ஒரு சுற்று சுற்றினோம். இடது மேல் மூலையில் டேக் போட ஓட்டை விழும், ஸ்டேப்ளர் பின்னும் அங்கேதான். கீழே வலது பக்கம் கையெழுத்தும் சீலும். ஆகவே வலது மேல் மூலை, ஓரத்திலிருந்து ஒரு விரல்கடை உள்ளே. சில அரசாங்கக் கடிதங்களில் அங்கே ஏற்கெனவே அவர்கள் எண் இருக்கும். அப்படிப்பட்டவற்றுக்குப் பின்பக்கம் ஒட்டலாமே என்று ஒட்டியதில் வந்தது பெரிய கோளாறு. பேப்பர்லெஸ், அட்டையடுக்கு மாதிரி கட்டாகப் போட்ட தாள்களில் எங்கே ஸ்டிக்கர் வருகிறதோ அங்கே புது ஆவணம் தொடங்குகிறது என்று பிரித்துக்கொள்ளும். வசதியான விஷயம், நடுவில் பிரிப்புத் தாள் வைக்க வேண்டாம். ஆனால் ஸ்டிக்கர் பின்பக்கத்தில் இருந்தால் அந்தப் பின்பக்கத்திலிருந்துதான் ஆவணம் தொடங்கும், முன்பக்கம் முந்தைய பார்ட்டியின் பில்லோடு போய் ஒட்டிக்கொள்ளும். கண்டுபிடிக்கும் வரை நோட்டீஸின் முதல் பக்கம் ஒரு மளிகைக் கடை பில்லின் வாலில் கிடந்தது. இப்போது விதி: முதல் தாளின் முன்பக்கம்தான், இடம் இல்லையென்றால் மேலே ஒரு வெள்ளைத் தாள் வைத்து அதில் ஒட்டு.

இ-இன்வாய்ஸில் ஏற்கெனவே ஒரு பெரிய கியூஆர் இருக்கும், பல பில்களில் யுபிஐ கியூஆரும் இருக்கும். இவை குழப்புமோ என்று பயந்தேன். நம் மூன்று எழுத்தில் தொடங்காத எதையும் அது கண்டுகொள்வதில்லை.

ஸ்கேனர் அமைப்பில் கறுப்பு-வெள்ளை வேண்டவே வேண்டாம். ஃபைல் சிறிதாகும் என்று ஆரம்பத்தில் அப்படி வைத்திருந்தோம். ஊதா சீல் பாதி காணாமல் போனது, சிவப்பு பென்சில் டிக்கும் அச்செழுத்தும் ஒரே கறுப்பானது. இப்போது கலர், 300 டிபிஐ. பக்கத்துக்குச் சுமார் அரை எம்பி வருகிறது. வருடம் 20,000 பக்கம் என்றாலும் 10 ஜிபிதான், இதற்குப் போய் கஞ்சத்தனம் பார்க்க வேண்டியதில்லை. வெற்றுப் பக்கத்தை நீக்கும் வசதியையும் அணைத்துவிட்டேன். டெலிவரி சலானின் பின்பக்கத்தில் மங்கலாக ஒரு 'சரக்கு பெற்றோம்' சீல் மட்டும் இருக்கும். அந்தப் பக்கத்தைத்தான் அது வெற்று என்று தூக்கிப் போட்டது. தகராறு வந்தால் நமக்கு வேண்டியது அந்தச் சீல்தான்.

மஞ்சள் மண்டி பில்களுக்குத் தனிக் கவனிப்பு வேண்டும். கட்டைப் பிரித்தால் மேஜையெல்லாம் மஞ்சள் தூள். அதன் மேல் ஸ்டிக்கர் நிற்காது, ரோலர் வழுக்கி இரண்டு தாளை ஒன்றாக இழுக்கும், கொஞ்ச நாளில் ரோலரே மஞ்சள் பூசிக்கொள்ளும். வெளியே உதறி, உலர்ந்த துணியால் ஒரு துடை துடைத்த பிறகுதான் உள்ளே. எல்லாப் பக்கத்திலும் மேலிருந்து கீழாக ஒரே கோடு விழுந்தால் கண்ணாடிப் பட்டையில் பசையோ ஒயிட்னரோ ஒட்டியிருக்கிறது என்று பொருள். நூல் பிரியாத துணியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போய்விடும். ஸ்டேப்ளர் பின்னை எடுக்காமல் போட்டால் விழும் கீறல் மட்டும் துடைத்தாலும் போகாது. 40 ரூபாய் பின் ரிமூவரை ஸ்கேனரின் மேலேயே கயிறு போட்டுக் கட்டியிருக்கிறோம்.

பெட்ரோல் பங்க் பில், எடை மேடைச் சீட்டு மாதிரியான தெர்மல் பேப்பர் வந்த அன்றே ஸ்கேன் ஆகிவிட வேண்டும். வெயிலிலும் சூட்டிலும் அது வெளுத்து வெற்றுத்தாளாகிவிடும். லேமினேஷன் செய்தால் சூட்டில் மொத்தமும் கறுக்கும், அச்சின் மேல் செல்லோடேப்போ பசையோ பட்டாலும் எழுத்து போகும். இவற்றை ஷீட்ஃபெட்டில் விடுவதில்லை, சுருண்டு மாட்டிக்கொள்ளும். ஃபிளாட்பெட்டில் நான்கைந்தை ஒரு ஏ4 அளவுக்குள் பரப்பி ஒரே ஸ்கேன். அந்த ஸ்கேனையே சாதாரணத் தாளில் பிரிண்ட் எடுத்து, அதில் ஸ்டிக்கர் ஒட்டி, ஒரிஜினல் சீட்டுகளைப் பின்னால் ஸ்டேப்ளர் அடித்து வைக்கிறோம். ஆறு வருடம் கழித்து ஒரிஜினல் வெளுத்திருந்தாலும் முன்தாள் பேசும். லாரி ரசீதின் கார்பன் நகலுக்கும் ஃபிளாட்பெட்தான்.

ஸ்கேனில் இருக்கும் எழுத்தைப் படிக்கும் வேலையை உள்ளே டெசராக்ட் என்ற சாஃப்ட்வேர் செய்கிறது. ஆங்கிலத்தோடு தமிழையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், தமிழுக்கான தரவு தனியாக இறக்கப்பட வேண்டும். ஆங்கில பில்லில் ஜிஎஸ்டி எண், தொகை எல்லாம் பெரும்பாலும் சரியாக வருகிறது. அச்சிட்ட தமிழ் சுமார். ர-வையும் துணைக்காலையும் மாற்றிப் படிக்கிறது, பெயரைத் தேடினால் சில நேரம் சிக்காது. கையெழுத்து? மறந்துவிடுங்கள். அதனால் தமிழில் வரும் ஆவணங்களுக்குத் தலைப்பை மட்டும் கையால் அடித்துவிடுகிறோம்: பார்ட்டி, என்ன ஆவணம், மாதம். அரை நிமிட வேலை. ஆங்கில பில்லுக்கு அதுவும் வேண்டாம், ஜிஎஸ்டி எண்ணை வைத்துப் பார்ட்டியை அதுவே குறித்துக்கொள்ளும்படி விதி எழுதி வைத்திருக்கிறோம்.

இனி பேப்பருக்கென்றே விட்டுவைத்த வேலை. 2பி-யையும் கொள்முதல் ரிஜிஸ்டரையும் ஒத்துப் பார்ப்பதைத் திரையிலேயே செய்து பார்த்தோம். எக்செலில் சூத்திரம் போட்டால் ஒத்துப்போகிறவை நொடியில் விழுந்துவிடும், அதை யாரும் மறுக்க முடியாது. சிக்கல் மிச்சத்தில் இருக்கிறது: ஒரு பில் எண்ணில் நடுவே கோடு, இன்னொன்றில் சாய்கோடு, ஒரு ரூபாய் வித்தியாசம், போன மாத பில் இந்த மாதத்தில். இந்த மிச்சத்தை ஏ3-இல் பிரிண்ட் எடுத்து மேஜையில் விரித்து, அக்கா ஒரு பக்கம் பையன் ஒரு பக்கம் என்று ஒருவர் வாசிக்க ஒருவர் டிக் அடித்தால்தான் சீக்கிரம் முடிகிறது. சிவப்பு என்றால் 2பி-யில் இல்லை, நீலம் என்றால் நம் கணக்கில் இல்லை, பென்சிலில் வட்டம் என்றால் பார்ட்டிக்குப் போன் போட வேண்டும். இரண்டு பேர் ஒரே மானிட்டரை எட்டிப் பார்த்துச் செய்தபோது கழுத்து வலிதான் கண்ட பலன்.

டிக் அடித்த தாளை முன்பெல்லாம் ரிட்டர்ன் போட்டதும் கிழித்துவிடுவோம். இப்போது அதுவும் ஓர் ஆவணம். அதற்கும் ஸ்டிக்கர், அதையும் ஸ்கேன். பிரிண்ட் எடுக்கும்போதே தலைப்பில் பார்ட்டி, மாதம், மூல ஆவண எண் பெரிதாக விழும்படி எக்செல் ஷீட்டில் அமைத்தாயிற்று. ஸ்கேன் உள்ளே போன பிறகு, ஆவணத்தை ஆவணத்தோடு இணைக்கும் கட்டம் ஒன்று பேப்பர்லெஸ்ஸில் இருக்கிறது, அதில் மூல எண்ணைக் கொடுத்துவிட்டால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். நோட்டீஸ் வந்தபோது கைகொடுத்தது இதுதான். குறிப்பிட்ட ஒரு பில்லில் கட்டிய வரியை, நம் வரியில் கழித்துக்கொள்ளும் கிரெடிட்டாக ஏன் அந்த மாதம் எடுக்காமல் அடுத்த மாதம் எடுத்தோம் என்று கேட்டிருந்தார்கள். பில் அதைச் சொல்லாது, கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேரும் சொல்லாது. டிக் தாளின் ஓரத்தில் அக்கா பென்சிலில் எழுதியிருந்தார்: 'சரக்கு 2-ந் தேதிதான் வந்துச்சு'.

மெயிலில் வரும் பிடிஎஃப், இ-வே பில், பேங்க் ஸ்டேட்மென்ட் இவற்றை பிரிண்ட் எடுப்பதில்லை. நேராக ஃபோல்டரில் போட்டுவிடுவோம், அவற்றுக்கு ஸ்டிக்கர் எண்ணும் கிடையாது. எண் இருந்தால் அலமாரியில் பேப்பர் உண்டு, எண் இல்லையென்றால் பேப்பரே இல்லை. இது தெளிவாக இருந்தால்தான் வீணாகத் தேட மாட்டோம். வாட்ஸ்அப்பில் பில்லைப் போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கி அனுப்பிவிடும், சின்ன எழுத்து பிசிறும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லிப் பார்ட்டிகளுக்குக் குரல் பதிவே போட்டிருக்கிறோம். பாதிப் பேர் கேட்கிறார்கள். ஆதார் நகல் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க் செய்த பிரதியாக இருந்தால்தான் வாங்குகிறோம்.

அலமாரியிலிருந்து ஒரு ஒரிஜினலை எடுத்தால் அந்த இடத்தில் ரோஸ் கலர் அட்டை ஒன்று செருக வேண்டும். எண், யார் எடுத்தது, தேதி. பேப்பர் திரும்பினால் அட்டையில் எழுதியதை அடித்துவிட்டு அதை எடுக்கலாம். இதை சாஃப்ட்வேரில் குறிக்கச் சொல்லிப் பார்த்தேன், யாரும் குறிக்கவில்லை. அட்டை அலமாரியிலேயே இருப்பதால் கை தானாகப் போகிறது.

அலமாரியில் இருக்கும் பழைய ஃபைல்களையும் முழுக்க ஸ்கேன் செய்துவிடலாம் என்று ஒரு பையனைத் தனியாக உட்கார வைத்தோம். பின் எடுப்பது, மடிப்பு நீட்டுவது என்றே அவன் நாள் போனது, ஸ்கேன் ஆனதில் முக்கால்வாசியை இன்று வரை யாரும் திறந்து பார்க்கவில்லை. நிறுத்திவிட்டோம். ஏப்ரல் 1-க்குப் பிறகு வருவதெல்லாம் புது முறை. பழைய ஃபைல், யாராவது ஒரு காரணத்துக்காக எடுத்தால் மட்டும், திரும்பப் போகும் வழியில் ஸ்டிக்கர் ஒட்டி ஸ்கேனர் ஏறும்.

மாதம் இருமுறை மொத்தத்தையும் ஏற்றுமதி செய்து, பூட்டு போட்ட வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்துக்கொள்கிறோம். இரண்டு டிஸ்க், ஒன்று எப்போதும் என் வீட்டில். இரண்டும் சேர்ந்து 9,000 ரூபாய் ஆயின. 100 ஷீட் லேபிள் 650, பாக்ஸ் ஃபைல் ஒன்று 180. ஒரு பாக்ஸில் 350 தாள் வைத்தால் தாராளமாகப் புரட்டலாம், 500 வரை திணிக்கலாம், ஆனால் கிளிப் கோணிக்கொள்ளும். ஸ்கேனரோடு சேர்த்து முதல் செலவு 30,000-க்குள் முடிந்தது. அடுத்த முறை செய்வதாக இருந்தால் ஸ்கேனரை மட்டும் புதிதாக வாங்குவேன். செகண்ட் ஹேண்டில் ரோலர் தேய்ந்திருந்ததால் மாற்று கிட்டுக்கே 3,000 போனது, இரண்டு தாள் ஒன்றாகப் போவதைக் கண்டுபிடித்து நிற்கும் சென்சாரும் அந்த மாடலில் இல்லை. தவறிய பக்கத்தைக் கண்டுபிடிக்க ரிஜிஸ்டரில் எழுதியிருக்கும் தாள் எண்ணிக்கையைத்தான் இப்போது நம்பியிருக்கிறோம்.

இன்னும் சரியாகாதது ஸ்டாம்ப் பேப்பர். பங்குதாரர் ஒப்பந்தம், டிரஸ்ட் பத்திரம் போன்றவற்றின் மேல் ஸ்டிக்கர் ஒட்டவும் கூடாது, ஓட்டை போடவும் கூடாது. ஒளி ஊடுருவும் கவரில் போட்டு, கவரின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி, ஃபிளாட்பெட்டில் எடுக்கிறோம். ஃபிளாட்பெட் ஏ4 அளவுதான், லீகல் தாள் 14 அங்குலம், அதனால் இரண்டு துண்டாக எடுத்துச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஏ4 பாக்ஸ் ஃபைலிலும் அடங்காமல் கீழே மூன்று விரல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. இப்போதைக்கு இரும்பு பீரோவில் படுக்க வைத்துவிட்டு, எண் வரிசையில் அதன் இடத்தில் 'பீரோ' என்று எழுதிய ஒரு தாள். லீகல் தாள் மடங்காமல் படுக்கும் அளவில் மூடி போட்ட அட்டைப் பெட்டி ஒன்றைச் செய்து தரச் சொல்லி பைண்டிங் கடையில் அளவு கொடுத்திருக்கிறேன்.